திருகு இறுகுவதைக் கேட்பது எப்படி: கச்சேரி ரசிகர்களுக்கு ஒரு பேய் ஓபரா

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’ (திருகின் ஒரு சுற்று) என்ற சேம்பர் ஓபராவை, அதாவது சிறு குழுவுக்கான இசை நாடகத்தை, கர்நாடக இசையில் பழகிய காதுகள் எப்படி அணுகலாம் என்று, மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் நண்பர்களோடு சேர்ந்து கேட்ட முறையை ஒட்டி இங்கே எழுதுகிறேன். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட பேய்க் கதைக்கு மவான்வி பைப்பர் பாடல்வடிவம் தந்தார். 1954 செப்டம்பர் 14 அன்று வெனிஸ் நகரின் லா ஃபெனிசே அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது. பாடுபவர்கள் ஆறு பேர், வாசிப்பவர்கள் பதின்மூன்று பேர். சண்முகானந்தா போன்ற பெரிய அரங்கு வேண்டாம். நாலைந்து பேர், நல்ல ஒலிபெருக்கி, கையில் பாடல் வரிகள், இடையூறில்லாத இரண்டு மணி நேரம் போதும்.

ஒலிப்பதிவைத் தொடங்குவதற்கு முன் ஆர்மோனியத்தையோ கீபோர்டையோ திறந்து, ஆறு கட்டையை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டு, இந்தப் பன்னிரண்டு சுரங்களையும் இரண்டிரண்டாக மெதுவாக வாசியுங்கள்: ஷட்ஜம், சுத்த மத்யமம்; சதுச்ருதி ரிஷபம், பஞ்சமம்; அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம்; பிரதி மத்யமம், காகலி நிஷாதம்; சுத்த தைவதம், மேல் சுத்த ரிஷபம்; கைசிகி நிஷாதம், மேல் சாதாரண காந்தாரம். இதுதான் இந்த ஓபராவின் கரு. ஒவ்வொரு ஜோடியிலும் சுரம் மேலே தாவுகிறது, பிறகு சற்றே கீழிறங்குகிறது, மீண்டும் தாவுகிறது. திருப்புளியைத் திருகிவிட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி திருகும் கையின் அசைவு இதில் அப்படியே இருக்கிறது. முதல் ஆறு சுரங்கள் வரை சங்கராபரணத்தில் தாட்டு வரிசை பாடுவதுபோலவே தோன்றும். ஏழாவதாகப் பிரதி மத்யமம் விழும் இடத்தில் காலடி நழுவுவதை நீங்களே உணர்வீர்கள். எந்தச் சுரமும் இரண்டாம் முறை வராமல், பன்னிரண்டு சுரஸ்தானங்களும் தீர்ந்துவிடுகின்றன. இதைப் பத்து முறையாவது பாடிப் பழகாமல் மேலே போகவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கதையை ஓரளவு தெரிந்துகொண்டால் போதும். எஸ்ஸெக்ஸில் ப்ளை என்ற தனித்த மாளிகை. மைல்ஸ், ஃப்ளோரா என்ற இரு பிள்ளைகள். எதற்காகவும் தனக்குக் கடிதம் எழுதக்கூடாது என்ற பாதுகாவலரின் நிபந்தனையை ஏற்று அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் இளம் ஆசிரியை. இறந்தபின் பேய்களாக வரும் பணியாள் பீட்டர் குவின்ட்டும் முன்னாள் ஆசிரியை மிஸ் ஜெஸ்ஸலும். நாவலைப் பிறகு படிக்கலாம்.

பியானோ மட்டும் துணைநிற்கும் முன்னுரை முடிந்ததும் அந்தக் கரு ஒலிக்கும். அங்கிருந்து, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியில் அதே கரு உருமாறி வரும்; பதினாறு காட்சிகளுக்கு இடையே இப்படிப் பதினைந்து மாற்றங்கள். திரை மாறும் நேரம்தானே என்று அப்போது பேசிவிடாதீர்கள், திருகு இறுகுவது அங்கேதான். கச்சேரி முழுவதும் ஒரே சுருதியில் நின்று பழகிய நமக்கு முதலில் தடுமாற்றம் தருவது, காட்சிக்குக் காட்சி ஆதாரமே இடம்பெயர்வது. முதல் அங்கத்தில் அது ஆறு கட்டையிலிருந்து படிப்படியாக ஏறி மேல் ஐந்தரைக் கட்டைக்கு வருகிறது. இரண்டாம் அங்கத்தில் அங்கிருந்து புறப்பட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. தம்பூராவை மனத்துக்குள் மீட்டிக்கொண்டே கேட்பவருக்கு இந்த நகர்வு உடனே பிடிபடும் என்பதால், நம் பழக்கம் இங்கே தடையல்ல, பெரும் துணை.

பேய்கள் முதல் ஏழு காட்சிகளிலும் வாய் திறப்பதில்லை. கோபுரத்தில் குவின்ட், ஏரிக்கரையில் ஜெஸ்ஸல், இருவரும் வெறுமனே தோன்றுகிறார்கள். குவின்ட்டின் ஒலி செலஸ்டா என்ற சிறு வாத்தியத்தோடு சேர்ந்தது. ஜலதரங்கத்தை நினைவூட்டும் அதன் மணியோசை கேட்டால், கண்ணை மூடியிருந்தாலும் அவன் அருகில் இருப்பது தெரியும். எட்டாவது காட்சியில் அவன் மைல்ஸின் பெயரை அகார இழையாக நீட்டி, வளைத்து அழைக்கிறான். ஆலாபனை கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அழைப்பு அழகாகவே இருக்கும். பிள்ளையை ஈர்ப்பதும் அந்த அழகுதான் என்பதால், அதை ரசிக்கத் தயங்கவேண்டாம். பேய்கள் மெய்யா, ஆசிரியையின் மனப்பிரமையா என்று நாவல் எழுப்பும் ஐயத்தை, அவற்றுக்குக் குரல் தந்ததன் மூலம் ஓபரா கெடுத்துவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. பேய் உண்டா என்ற கேள்வி இங்கே, பிள்ளைகளுக்கு உண்மையில் தீங்கு செய்வது யார் என்ற கடுமையான கேள்வியாக மாறுகிறது. முதல் அங்கம் முடிந்ததும் காப்பி போட்டுக்கொண்டு இதை மட்டும் பேசுங்கள்.

முதல்முறைக்குப் பிரிட்டனே நடத்திய 1955ஆம் ஆண்டு ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளலாம்; பீட்டர் பியர்ஸ் குவின்ட்டாகவும், சிறுவன் டேவிட் ஹெம்மிங்ஸ் மைல்ஸாகவும் பாடியது. அதில் ஆறாவது காட்சியைத் தனியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாட நேரத்தில் மைல்ஸ், ‘மாலோ’ என்ற லத்தீன் சொல்லின் பல பொருள்களை நினைவில் நிறுத்த உதவும் சிறு பாட்டைத் தனக்குள் பாடிக்கொள்வான். கடைசிக் காட்சியில், தாழ்ந்த சுரங்களில் திருகின் கரு விடாமல் சுழன்று கட்டப்பட்டபின், உயிரற்ற அவனை ஏந்திக்கொண்டு ஆசிரியை அதே பாட்டைப் பாடுவாள். முழுவதும் கேட்ட அன்றே ஆறாவது காட்சிக்குத் திரும்பி, அவன் குரலில் அந்தப் பாட்டை மறுபடி ஒருமுறை கேளுங்கள்.