மலைமேல் கிறிஸ்துமஸ் கேரமல் 'பார்': எங்கெல்லாம் சறுக்கும்?

டிசம்பர் பிறந்தால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்கு வீடு ஓவன் சூடேறத் தொடங்கிவிடும். கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக் என்று இருந்த பலகாரத் தட்டில் இப்போது இன்னொன்றும் இடம்பிடித்திருக்கிறது: அடியில் பிஸ்கட் மாவு, நடுவில் கேரமல், மேலே சாக்லேட் என்று மூன்று அடுக்காகச் செய்து சதுரம் சதுரமாக வெட்டும் 'பார்'. கேக் உப்பி வருமா வராதா என்ற கவலை இதில் இல்லை. ஒரு டிரே செய்தால் தெருவுக்கே கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், நாம் பார்த்துச் செய்யும் செய்முறை சென்னையிலோ சிகாகோவிலோ எழுதப்பட்டது. நம் சமையலறையோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டரிலோ அதற்கும் மேலேயோ இருக்கிறது. உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் அடுப்பைப் பற்றவைப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைப்பவை.

கேரமலில்தான் இது அதிகம் கடிக்கும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடவே இறங்குகிறது. சுமாராக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொடைக்கானலில் 93, குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதை வைத்தே மலைக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. ஆனால் பாகு காய்ச்சும்போது அது மறந்துபோகிறது. பாகு பதத்துக்கு வருவதென்றால் அதிலுள்ள தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதுதான் விஷயம். தெர்மாமீட்டர் காட்டும் எண் அதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே. '115 டிகிரி வரை காய்ச்சவும்' என்று செய்முறையில் இருந்தால் அது கடலோரத்துக் கணக்கு. ஊட்டியில் அதே பதம் 107, 108 டிகிரியிலேயே வந்துவிடும். எழுதியிருக்கிறதே என்று 115 வரை நின்றால், ஆறியபின் அந்த அடுக்கைக் கடலை மிட்டாய் மாதிரி கடித்து உடைக்க வேண்டியதுதான்.

சரிசெய்வது சுலபம். கேரமல் வைக்கும் அன்று முதலில் ஒரு பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தெர்மாமீட்டரை அடியில் படாமல் பிடித்துப் பாருங்கள். 93 காட்டினால் 100-க்கு 7 குறைவு. செய்முறையில் உள்ள எண்ணிலிருந்து அந்த 7-ஐக் கழித்துவிடுங்கள். உங்கள் தெர்மாமீட்டரே கொஞ்சம் தப்பாகக் காட்டுகிற ரகம் என்றாலும் அந்தப் பிசகும் இதிலேயே சரியாகிவிடும்.

தெர்மாமீட்டர் இல்லையா? அதிரசத்துக்குப் பாகு பார்த்த கைக்கு அது தேவையே இல்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டிப் பாருங்கள். கரைந்து ஓடினால் பதம் வரவில்லை. மெத்தென்று உருண்டு, எடுத்து வைத்தால் மெல்லத் தளர்ந்து படிந்தால் அதுதான் பாருக்கான பதம். தட்டினால் 'டக்'கென்று சத்தம் வருகிற அளவுக்குப் போனால் கைமீறிவிட்டது. இந்தச் சோதனை எந்த உயரத்திலும் பொய் சொல்லாது. என்னைக் கேட்டால் தெர்மாமீட்டரைவிட இதையே நம்புவேன். சொட்டைச் சோதிக்கிற அந்த அரை நிமிடம் அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் பார்த்த பதம் ஒன்று, வாணலியில் இருக்கிற பதம் வேறொன்று ஆகிவிடும்.

கேரமலுக்குச் சேர்க்கும் கண்டென்ஸ்டு மில்க்கில் பாலும் சர்க்கரையும் ஏற்கெனவே நெருக்கமாக இருப்பதால் அடிப்பிடிக்க ஒரு நிமிடம் போதும். அடி கனமான வாணலி, சிறு தீ, கை ஓயாத கிளறல். குளிரில் சிலிண்டர் தீரப்போகிற நேரத்தில் தீ மந்தமாகும். பொறுமையிழந்து முழுதாகத் திருப்பிவைத்துவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். கறுப்புத் துணுக்குகள் தென்பட்டால் சுரண்டிக் கலக்காமல், மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். நாட்டுச்சர்க்கரை போட்டால் மணம் அருமை, ஆனால் மண் இருக்கும். துளித் தண்ணீரில் கரைத்து வடிகட்டாமல் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு பழக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண்டென்ஸ்டு மில்க் டின்னை அப்படியே குக்கரில் போட்டு விசில் விட்டு கேரமல் ஆக்குவது பல வீடுகளில் உண்டு. மூடிய டின் வெடிக்கலாம். சூடாக இருக்கும்போதே திறந்தால் கொதிக்கும் பாகு முகத்தில் பீச்சியடிக்கும். டின்னிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் மூடி, இட்லி வேகவைப்பதுபோல் குக்கருக்குள் தண்ணீர் விட்டு வைத்தால் அதே கேரமல் ஆபத்தில்லாமல் கிடைக்கும்.

அளவு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கச் செய்முறையில் 'ஒரு ஸ்டிக் வெண்ணெய்' என்றால் 113 கிராம். 14 அவுன்ஸ் டின் என்றால் 396 கிராம். 350 டிகிரி என்பது பாரன்ஹீட், நம் ஓடிஜியில் (வீட்டுச் சின்ன மின்சார ஓவன்) 175-180 செல்சியஸ். ஓடிஜியின் குமிழை 350-க்குத் திருப்பப் பார்த்து, அங்கே எண்ணே இல்லையே என்று முழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரே இன்னும் முக்கியம். அவர்களுடைய 9-க்கு 13 அங்குல டிரேயின் பரப்பு 117 சதுர அங்குலம். நம் சின்ன ஓடிஜிக்குள் போகிற 8 அங்குலச் சதுர டிரே 64 தான். செய்முறையைப் பாதியாக்காமல் கொட்டினால் அடிமாவு நடுவில் வேகாது, ஓரத்தில் கருகும். 8 அங்குல டிரேயின் அடியடுக்குக்கு சர்க்கரை 60, வெண்ணெய் 120, மைதா 180 கிராம் சரியாக இருக்கும்.

அந்த வெண்ணெய்தான் மலையில் அடுத்த தலைவலி. 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று எழுதியவருக்கு நம் அறையைத் தெரியாது. ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற காலத்தில் மேடைமேல் வைத்த வெண்ணெய் செங்கல்லாகத்தான் இருக்கும். அவசரத்தில் உருக்கி ஊற்றிவிடுகிறோம். மாவு எண்ணெய் கக்கி, வெந்தபின் பொலபொலப்பு இல்லாமல் இறுகிப்போகிறது. கேரட் துருவுகிற துருவலில் வெண்ணெய்க் கட்டியைத் துருவி மாவில் விழவிடுங்கள். விரல்நுனியால் பிசிறினால் இரண்டே நிமிடத்தில் ரவை மாதிரி உதிரியாக வரும். கையில் பிடித்தால் சேர வேண்டும். சேரவில்லையென்றால் ஒரு ஸ்பூன் பால் தெளிக்கலாம், மலைக்காற்றில் மாவு சீக்கிரம் வறளும். முள்கரண்டியால் ஆங்காங்கே குத்திவிட்டு, 170-175 டிகிரியில் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை வைத்தெடுங்கள். வெளுப்பாக இருக்கும்போதே கேரமல் ஊற்றினால் அடி சதசதவென்று நிற்கும்.

மைதாவுக்குப் பதில் பிஸ்கட் தூள் போடுகிறவர்கள் ஊட்டி வர்க்கியைப் பொடித்துப் போட்டுப் பார்க்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் வர்க்கிக்கு இது நல்ல கௌரவம். ஆனால் மாரி பிஸ்கட்டுக்குச் சேர்க்கிற அளவு வெண்ணெயை இதற்கும் சேர்த்துவிடாதீர்கள். வர்க்கியின் மடிப்புக்குள் ஏற்கெனவே கொழுப்பு இருக்கிறது. பாதியிலிருந்து ஆரம்பித்து, அழுத்தினால் சேருகிற அளவில் நிறுத்துங்கள்.

கடையில் 'பட்டர் பேப்பர்' என்று தருவதெல்லாம் ஓவனுக்கானது இல்லை. சில ரகம் மாவோடு ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. பேக்கிங்குக்கு என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கி, டிரேயின் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போடுங்கள். பிறகு அதைப் பிடித்து மொத்தமாகத் தூக்கிவிடலாம்.

நடு அடுக்குக்கு கேரமல் இல்லாமல் கொடைக்கானல் பிளம்ஸ் ஜாம் தடவுகிறவர்கள், பாட்டிலில் இருந்து அப்படியே எடுத்துத் தடவ வேண்டாம். கொஞ்சம் சுண்டக் காய்ச்சியபின் தடவினால் அடி ஊறாது.

இனி சாக்லேட். மலையில் 'ஹோம்மேட்' என்று விற்பதில் பெரும்பாலானவை காம்பவுண்ட், அதாவது கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. உருக்கி ஊற்றினால் தானாகவே பளபளப்பாக இறுகும் என்பதால் முதல் முறை செய்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் திரிந்து கட்டியாகிவிடும். டபுள் பாய்லிங்கில், அதாவது சுடுநீர்ப் பாத்திரத்தின்மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கும்போது, கீழ்ப் பாத்திரத்துத் தண்ணீர் தளதளக்க வேண்டியதில்லை, ஆவி பறந்தாலே போதும்.

குளிரில் இன்னொரு பொறி இருக்கிறது. கேரமலை இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் சாக்லேட் ஊற்றுவார்கள். அதற்குள் கேரமல் கல்லாகிவிட்டிருக்கும், மேலே மெல்லிய நெய்ப்படலம் படிந்திருக்கும். சூடான சாக்லேட் அதில் பிடிக்காது. வெட்டும்போது ஓடு கழன்று வருவதுபோல் மேலடுக்கு தனியாக வந்துவிடும். புறங்கையால் தொட்டால் வெதுவெதுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கிற நேரத்திலேயே ஊற்றுங்கள். தாமதமாகிவிட்டால் டிஷ்யூ தாளால் நெய்யை ஒற்றி, முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டு ஊற்றலாம். சாக்லேட்டில் ஒரு ஸ்பூன் எண்ணெய் கலந்தால் கத்தி இறங்கும்போது நொறுங்காது.

டிசம்பரில் இதை ஃபிரிட்ஜில் வைப்பது வீண்வேலை. மேலே தொட்டால் விரலில் ஒட்டாமல், ஆனால் இன்னும் முழுதாக இறுகாமல் இருக்கும்போது கத்தியால் கோடுபோட்டு வைத்து, பிறகு வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் அதே கோட்டில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். துண்டு சின்னதாகவே இருக்கட்டும், ஒன்றரை அங்குலம் தாராளம். இனிப்பு கனம் அப்படி.

கீழே கோயம்புத்தூர், திருப்பூர்ச் சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், எவர்சில்வர் டப்பாவில் அடுக்குக்கு ஒரு தாள் விரித்து இடைவெளியில்லாமல் அடுக்குங்கள், மலைப்பாதை வளைவுகளில் உருண்டு ஓரம் உடையாது. போய்ச் சேர்ந்தவுடன் ஆசையாக மூடியைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த சாக்லேட்டின்மேல் அங்குள்ள ஈரக்காற்று பட்டால் வியர்த்துவிடும். அந்த ஈரத்தில் சர்க்கரை கரைந்து, காய்ந்தபின் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளைத் திட்டு விழும். டப்பாவை மூடியபடியே ஒன்றிரண்டு மணிநேரம் வைத்து, அந்த ஊர்ச் சூட்டுக்கு வந்தபின் திறக்கச் சொல்லுங்கள்.