6×6 கட்டத்தை 1×4 பட்டையால் நிரப்ப முடியுமா?

சிறு கட்டங்கள் 36, பட்டை 9. கணக்கு சரியாக வருகிறது, ஆனாலும் நிரப்ப முடியாது. வகுப்பில் இதை நிறுவ வழக்கமான இரண்டு வண்ணப் பூச்சு போதாது. சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளை அடித்தால் 18-க்கு 18 வரும்; ஒவ்வொரு பட்டையும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளையை மூடும். முரண்பாடே கிடைக்காது.

நான்கு வண்ணம் எடுங்கள். முதல் வரிசையில் 1 2 3 4 1 2, அடுத்ததில் 2 3 4 1 2 3 என ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு இடம் நகர்த்துங்கள். பட்டையைக் கிடையாக வைத்தாலும் நெடுக்காக வைத்தாலும் நான்கு வண்ணத்திலும் ஒவ்வொன்றைத்தான் மூடும். ஆக ஒவ்வொரு வண்ணமும் 9 வேண்டும். எண்ணிப் பார்த்தால் 9, 10, 9, 8. அவ்வளவுதான், முடிந்தது.

அட்டையில் செய்தால் ஒவ்வொரு சிறு கட்டமும் 2 செ.மீ. இருக்கட்டும், பட்டையை இரு பக்கமும் 1 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் "அட்டை சரியில்லை சார்" என்று மாணவர்கள் தப்பித்துவிடுவார்கள்! வண்ணத்தையும் முதலிலேயே காட்டிவிடாதீர்கள், பத்து நிமிடம் திணறட்டும்.

அடிக்கடி வரும் தவறு: வண்ண எண்ணிக்கை பொருந்தினால் நிரப்ப முடியும் என்று நினைப்பது. 8×8 சதுரங்கப் பலகையை டாமினோவால் (1×2 பட்டை) நிரப்பப் பார்க்கிறோம் என்று வையுங்கள். அதில் ஒரு மூலையை ஒட்டிய இரண்டு கட்டங்களையும், வேறெங்காவது எதிர் வண்ணத்தில் இரண்டையும் நீக்குங்கள். 30-க்கு 30 இருக்கும். ஆனால் மூலைக் கட்டம் தனித்து நிற்கும், அங்கே டாமினோ வைக்கவே முடியாது.