சுடுதண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழுதிவிட்டால்

யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வரும்போதெல்லாம் அறை பார்த்துக் கொடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். ஐந்து நட்சத்திர ரிவியூக்களை நான் படிப்பதே இல்லை. ஒரு நட்சத்திரம் போட்டவர் என்ன எழுதினார், அதற்கு ஹோட்டல்காரர் என்ன பதில் சொன்னார் என்றுதான் பார்ப்பேன். பல இடங்களில் முறைப்பாட்டைவிடப் பதில்தான் ஆளை விரட்டுகிறது.

மலைநாட்டுக்கே உரிய தவறு, பழியைக் குளிரின் மேல் போடுவது. "இரவு சுடுதண்ணீர் இல்லை, போர்வையில் ஈரவாடை" என்று ஒருவர் எழுதினால், "இது கொழும்பு இல்லை, குளிரத்தான் செய்யும்" என்று பதில். 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் குளிரும் என்று வந்தவருக்குத் தெரியாதா? அந்தக் குளிருக்காகத்தானே வந்தார்! அவர் கேட்டது சுடுதண்ணீர். கூரையில் சோலார் மட்டும் இருந்தால், நாள் முழுக்கப் பனிமூட்டம் இறங்கிய அன்று தண்ணீர் சூடாகாது என்பது முதலாளிக்கு முன்பே தெரியும். அதைத்தான் எழுத வேண்டும்: "அன்று வெயில் இல்லாததால் சோலார் சூடாகவில்லை. மன்னிக்கவும். இப்போது அந்த அறைக்குக் கரண்டில் ஓடும் கீசர் போட்டிருக்கிறோம்." மூன்றே வரி. கீசர் போடாமல் போட்டதாக எழுதினால், அடுத்த மாதம் அதே அறையில் நடுங்கியவர் அந்தப் பதிலையும் சேர்த்தே கிழிப்பார்.

அப்புறம், கோபத்தில் விருந்தினரின் சங்கதிகளை அவிழ்த்துவிடுவது. "நீங்கள் இரவு ஒரு மணிவரை குடித்துக் கூத்தடித்தீர்கள்" என்பது உண்மையாகவே இருக்கட்டும். படிக்கிற குடும்பத்துக்கு, நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று தோன்றும். ராத்திரியே தட்டிவிடாமல், காலையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழுதலாம்.

எல்லோருக்கும் ஒரே "கருத்துக்கு நன்றி"யை ஒட்டுவதில் பயனில்லை. தமிழில் எழுதியவருக்கு ஆங்கிலப் பதில் போவது இன்னும் மோசம். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கா பஞ்சம்?

"ரிவியூவை எடுத்தால் அடுத்த முறை பாதி விலை" என்று பேரம் பேசவும் வேண்டாம். கூகுளின் விதியே அதைத் தடுக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தியையே அவர் படம் பிடித்துப் போட்டுவிட்டால் அப்புறம் என்ன சொல்வது? தங்காத ஆள் எழுதியிருந்தால் ரிப்போர்ட் பண்ணலாம், சரி. பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் கூகுள் எதையும் நீக்காது.

கடைசியாக எல்லவில் ஓர் இடம் பார்த்தேன். நாய்கள் இரவெல்லாம் குரைத்தன என்ற முறைப்பாட்டுக்கு, "பக்கத்து வீட்டு நாய்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பின்பக்க அறையைக் கேளுங்கள், அங்கே சத்தம் குறைவு" என்று எழுதியிருந்தார்கள். பின்பக்க அறையைத்தான் கேட்டேன்.