வேக்கம் கிளீனர் இழுக்கவில்லையா? மோட்டாரை மாற்றுமுன் இதைப் பாருங்கள்

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு வேக்கம் கிளீனர் சத்தம் மட்டும் போட ஆரம்பித்தது. கம்பளத்தின் மேல் சிந்திய முறுக்குத் தூளை இழுக்காமல் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கு என் துடைப்பமே தேவலை" என்றார் அம்மா. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடத் திறக்காமல், "மோட்டார் வீக் ஆயிடுச்சு, மாத்தணும், 2800 ஆகும்" என்றார்கள். மனசு கேட்கவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு வாரம் நோண்டியதில் காசு செலவில்லாமல் சரியானது. தப்பு மோட்டாரில் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

எங்கள் வீடு குன்னூரில். பழைய மரப்பலகைத் தரை, மேலே கம்பளம், கூடத்தில் ஒரு கணப்பு, முடி உதிர்க்கும் நாய் ஒன்று. மெஷின் 1400 வாட், பை இல்லாமல் டப்பாவில் தூசி சேரும் ரகம். உங்களுடையது பை வைத்த ரகமாக இருந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும். டப்பாவைக் காலி செய்யுங்கள், பையை மாற்றுங்கள் என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. அதைச் செய்துவிட்டும் இழுக்காததால்தானே இங்கே வந்திருக்கிறீர்கள்.

முதலில் காது, அப்புறம் உள்ளங்கை

ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். மெஷினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். வழக்கத்தைவிடக் கீச்சென்று ஓடுகிறதா, எப்போதும்போல ஓடுகிறதா?

கீச்சுச் சத்தம் என்றால் எங்கேயோ அடைப்பு. மோட்டார் திணறுகிறது என்றுதான் நானும் நினைத்தேன், உண்மை நேர்மாறு. காற்று வராதபோது விசிறிக்குத் தள்ள ஒன்றுமில்லை, வேலையில்லாமல் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. சத்தம் எப்போதும்போல இருந்து இழுப்பு மட்டும் குறைந்திருந்தால், வழியில் எங்கேயோ காற்று ஒழுகுகிறது.

இப்போது ஹோஸை மெஷினிலிருந்து கழற்றுங்கள். ஹோஸ் பொருந்தும் ஓட்டையை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடி போதும். பெரும்பாலான மெஷின்களில் அந்தக் காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது, அதனால் நெடுநேரம் அடைத்து வைக்கக் கூடாது. கையைப் பிடித்து இழுத்து, சத்தமும் சட்டென்று ஏறினால் மெஷின் நன்றாக இருக்கிறது, கோளாறு ஹோஸிலோ பைப்பிலோ தரையில் உரசும் தலையிலோதான். அந்த ஓட்டையிலேயே இழுப்பு நோஞ்சானாக இருந்தால் கோளாறு உள்ளே: பை, ஃபில்டர், மூடியின் ரப்பர், கடைசியாகத்தான் மோட்டார்.

ஹோஸும் தலையும்

இனிமேல் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கைப்பிடியில் ஒரு சின்னத் தள்ளுமூடி இருக்கும், திரைச்சீலை சுத்தம் செய்யும்போது இழுப்பைக் குறைப்பதற்கு. அது பாதி திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் சித்தப்பா வீட்டில் ஆறு மாதம் அப்படித்தான் கிடந்தது.

ஹோஸில் அடைப்பு பெரும்பாலும் வளைவில்தான் இருக்கும், அதாவது கைப்பிடியின் முழங்கையிலும் மெஷினில் நுழையும் மூட்டிலும். எங்கள் வாசலில் தைல மரம். அதன் நீள இலை ஒன்று முழங்கையில் குறுக்காக மாட்டி, அதன்மேல் நாய் முடி சேர்ந்து பஞ்சடைத்த மாதிரி ஆகியிருந்தது. ஹோஸைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு மேலிருந்து பெரிய கோலிக்குண்டு ஒன்றைப் போடுங்கள். கீழே டொக்கென்று விழுந்தால் பெரிய அடைப்பு இல்லை. அடைப்பைத் தள்ள இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம், ஹோஸைக் கிழித்துவிடும். வயரிங்குக்குப் போடும் மெல்லிய பிவிசி பைப் துண்டுதான் என் கட்சி. வளையும், ஆனால் கிழிக்காது.

ஒழுகலுக்கு: மெஷினை மறுபடி ஓடவிட்டு, ஹோஸை வளைத்து இழுத்தபடி கன்னத்தை அருகில் கொண்டுபோனால் சில்லென்ற காற்றோட்டம் எங்கே உள்ளே போகிறது என்று தெரியும். விரிசல் பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம் முதல் நாலு விரற்கடைக்குள் விழும். இன்சுலேஷன் டேப் ஒரு மாதம் தாங்கும். ஹோஸ் கைப்பிடிக்குள் மரையாகத் திருகியிருந்தால் விரிசல் விட்ட துண்டை வெட்டிவிட்டு மறுபடி திருகிக்கொள்ளலாம், ஹோஸ் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். ஒட்டி வைத்த ரகத்தில் இது நடக்காது.

தலையில் சுழலும் பிரஷ் இருந்தால் முடியை வெட்டி எடுங்கள். தையல் பிரிக்கும் சின்னக் கொக்கி இதற்கு அருமை, கத்தரிக்கோல் பிரஷ் மயிரையும் சேர்த்து வெட்டிவிடும்.

இலையை எடுத்ததும் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் நன்றாக இழுத்தது. மூன்றாம் நாள் பழைய கதை.

ஃபில்டர்: நான் வழுக்கி விழுந்த இடம்

வேக்கம் கிளீனர் என்பது அடிப்படையில் காற்றை விட்டு தூசியைப் பிடிக்கும் ஒரு துணி, அதன் பின்னால் ஒரு விசிறி. 1901-இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹியூபர்ட் செசில் பூத், முதலில் தன் கைக்குட்டையை நாற்காலி மெத்தையில் வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார் என்பார்கள். துணியில் தூசி ஒட்டியது, யோசனை நிஜமானது. இன்றைக்கும் அதே கதைதான். அந்தத் துணி அடைந்தால் 1400 வாட் இருந்து பிரயோஜனம் இல்லை.

பெரும்பாலான மெஷின்களில் குறைந்தது இரண்டு ஃபில்டர் உண்டு. டப்பாவை ஒட்டி, மோட்டாருக்கு முன்னால் ஒன்று. காற்று வெளியேறும் சல்லடை மூடிக்குப் பின்னால் இன்னொன்று. இரண்டாவதை நான் நாலு வருஷம் பார்த்ததே இல்லை. மூடியைத் திறந்தபோது கன்னங்கரேலென்று இருந்தது. அதையும் கழற்றிப் பாருங்கள்.

ஆனால் என் உண்மையான தப்பு அது இல்லை. புத்தகத்தில் "கழுவி, 24 மணி நேரம் உலர்த்திப் பொருத்தவும்" என்று போட்டிருந்தது. நானும் நல்ல பிள்ளையாகக் கழுவி, கூடத்தில் கொடியில் இரண்டு நாள் தொங்கவிட்டு, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பொருத்தினேன். அந்த 24 மணி நேரக் கணக்கு குன்னூரின் ஐப்பசிக்குச் செல்லாது. வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் இங்கே துவைத்த ஜீன்ஸ் நாலு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டையில் ஈரமாகத்தான் இருக்கும், நம் எல்லோருக்கும் தெரியும். ஃபில்டரின் ஸ்பாஞ்சும் அப்படித்தான். வெளித்தோல் உலர்ந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். அதில் நுண்தூசி போய் உட்கார்ந்தால் மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடுகிறது. இழுப்பு குறைகிறது, நாம் மறுபடி கழுவுகிறோம், மறுபடி ஈரத்தோடு பொருத்துகிறோம். மூன்று முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் மோசமானது, கூடவே நாய் மழையில் நனைந்த மாதிரி ஒரு வாடை. அந்த வாடை வந்தால் வேறு பரிசோதனையே வேண்டாம், ஃபில்டர் ஈரம்.

தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். சமையலறைத் தராசு இருந்தால் அதை நம்புங்கள். உலர்ந்துவிட்டது என்று தோன்றும்போது எடை பாருங்கள், அரை நாள் கழித்து மறுபடி பாருங்கள். எடை இறங்கியிருந்தால் இன்னும் உலரவில்லை. இரண்டு முறை ஒரே எடை வந்தால்தான் பொருத்த வேண்டும். நான் "உலர்ந்துவிட்டது" என்று பொருத்திய ஃபில்டர் 74 கிராம். நிஜமாக உலர்ந்தபோது 61. பதின்மூன்று கிராம் தண்ணீர் அதற்குள் ஒளிந்திருந்தது! இப்போது பிளாஸ்டிக் விளிம்பில் பேனாவால் 61 என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எப்படி உலர்த்துவது? டேபிள் ஃபேன் முன்னால், காற்று ஊடுருவிப் போகும்படி நிமிர்த்தி வைத்து, ஒன்றரை இரண்டு நாள். கணப்பு மூட்டிய அறை என்றால் இன்னும் நல்லது, ஆனால் நெருப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும். ஹேர் டிரையரின் சூடு மடிப்பு ஃபில்டரின் பசையை இளக்கிவிடும். கேஸ் அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிடும் வேலை வேண்டாம். மடிப்பு மடிப்பாகக் காகிதம்போல இருக்கும் ஃபில்டர் எல்லாம் கழுவக்கூடியது அல்ல. கழுவலாம் என்று அதன்மேலேயே எழுதியிருந்தால் மட்டும் தண்ணீரில் காட்டுங்கள். மற்றதை வெளியே கொண்டுபோய்த் திண்ணையில் மெதுவாகத் தட்டி, பெயின்ட் பிரஷ்ஷால் நீவி எடுங்கள்.

என் முடிவான கருத்து: மலையில் இருப்பவர்கள் இரண்டு செட் ஃபில்டர் வாங்கிவிட வேண்டும். ஒன்று ஓடும்போது இன்னொன்று நிதானமாக உலரட்டும். மழை மாதங்களில் தட்டிச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொண்டு, தை, மாசியில் பளீரென்று வெயில் அடிக்கும்போது கழுவுங்கள். வாங்கக் கீழே மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போவதென்றால் பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். மாடல் பெயரைச் சொல்லி வாங்கியதில் நான் ஒரு தடவை வேறு அளவோடு மலை ஏறியிருக்கிறேன்.

மூடி ரப்பர், கரண்ட்

ஃபில்டரைப் பொருத்துமுன் மூடியைச் சுற்றியுள்ள ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் ஒழுகும். ரப்பருக்கு வெளிப்பக்கம் தூசிக் கோடு தெரிந்தால் அங்கேதான் ஒழுகல். ரப்பர் வழுவழுப்பாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அது நம் ஊரில் பாதி வருஷம் கட்டியாகத்தான் இருக்கும், போதாததற்குத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாயங்காலம் மட்டும் இழுப்பு குறைகிறதா? பல்பு மங்குகிறதா என்று பாருங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டார் வேகம் கணிசமாக விழும். காலையில் ஓட்டிப் பாருங்கள், காசில்லாத பரிசோதனை. ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் சொருகுவது தப்பு. 1400 வாட் என்றால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும், அது தாங்காது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் அப்படியே, தொட்டால் சுடும்.

இத்தனையும் முடிந்து, ஃபில்டர் இல்லாமல் ஒரே ஒரு நொடி ஓடவிட்டும் அந்த ஓட்டையில் இழுப்பு இல்லை என்றால்தான் மோட்டார். நிறையப் பொறி பறப்பது, கருகல் வாடை, விட்டு விட்டு ஓடுவது எல்லாம் கார்பன் பிரஷ், அதாவது மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் சின்னக் கரித்துண்டு, தேய்ந்ததன் அடையாளம். முழு மோட்டாரும் மாற்றுமுன் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் பயப்பட வேண்டாம், சூடேறித் தானாக அணைந்திருக்கும். அடைப்பை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

பின்சேர்க்கை 1

கொடைக்கானலிலிருந்து ஒருவர், எல்லாம் சுத்தம் செய்தும் பத்தே நிமிடத்தில் இழுப்பு போகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்தால் கணப்புச் சாம்பலை அதே மெஷினால் எடுக்கிறார். சாம்பல் கோலமாவைவிட நைசு, ஃபில்டரின் கண்களை ஒரேயடியாக அடைத்துவிடும். அதைவிட மோசம், மேலே ஆறின சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரைக்கும்கூட உயிரோடு இருக்கும். அது தூசிப் பைக்குள் போனால் காற்று ஊதி நெருப்பு பிடிக்கும். சாம்பலுக்குத் தகர முறமும் மூடி போட்ட இரும்பு வாளியும்தான். நானும் ஒரு காலத்தில் இதைச் செய்தவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பின்சேர்க்கை 2

"சென்னையில் வாங்கினேன், அங்கே நன்றாக இழுத்தது, ஊட்டிக்கு வந்ததிலிருந்து மந்தம், மலைக் காற்றா காரணம்?" என்று ஒரு கேள்வி. ஓரளவுக்கு ஆமாம். ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்று மெலிந்தால் விசிறி உண்டாக்கும் இழுப்பும் மெலியும். பெட்டியில் இழுப்பு 20 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருந்தால் ஊட்டியில் தோராயமாக 16 கிடைக்கும். மோட்டார் கொஞ்சம் வேகமாகச் சுற்றி அதில் சிறிது ஈடுகட்டும். குன்னூரிலும் கதை இதேதான், இழப்பு சற்றுக் குறைவு. ஆனால் இது நீங்கள் மலையேறிய முதல் நாளிலிருந்தே இருக்கும் குறை. போன மாதம் இழுத்தது இந்த மாதம் இழுக்கவில்லை என்றால் மலையைக் குறை சொல்லாதீர்கள், ஃபில்டரைத் தராசில் வையுங்கள்.

பின்சேர்க்கை 3

வயர் இல்லாத குச்சி மாடல் வைத்திருப்பவர்கள் இருவர் கேட்டார்கள். ஃபில்டர் கதை அதேதான், அளவு சின்னது என்பதால் இன்னும் சீக்கிரம் அடையும். கூடுதலாக ஒன்று: உறைபனி விழும் மார்கழி ராத்திரியில் வராந்தாவில் மாட்டி வைத்த பேட்டரி காலையில் சோம்பேறியாகத்தான் இருக்கும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்வது அதற்கே கெடுதல். சார்ஜரை வீட்டுக்குள், சமையலறைப் பக்கம் மாற்றிவிடுங்கள்.