டீம்ல உற்சாகம் குறையுதா? பாராட்டுற விதத்தை மாத்திப் பாருங்க

சேர்ந்த புதுசுல ஓடி ஓடி வேலை பார்த்தவர் இப்ப டல்லாயிட்டார்னா உடனே சோம்பேறின்னு முத்திரை குத்திடாதீங்க, ஆரம்பத்துல கிடைச்ச பாராட்டு நின்னு போயிருக்கும், பலன் வராத பழக்கம் மெல்ல மெல்ல மங்கிடும்னு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் சோதனை பண்ணியே காட்டியிருக்காரு. தீபாவளி போனஸ் கண்டிப்பா வேணும்தான், ஆனா தினசரி வேலைக்கு அது மட்டும் போதாது. புது ஆளா இருந்தா நல்லா செஞ்ச ஒவ்வொரு தடவையும் அன்னிக்கே சொல்லிடுங்க, பழகினப்புறம் எப்ப வரும்னு தெரியாத மாதிரி விட்டு விட்டு சொல்லுங்க, அப்படி பதிஞ்ச பழக்கம் லேசுல போகாது. மொட்டையா "குட் ஜாப்" வேண்டாம், "கஸ்டமர் கத்தினப்பவும் பொறுமையா பில்லை சரி பார்த்தீங்களே, சூப்பர்"னு குறிப்பா சொல்லுங்க. முக்கியமா, சீக்கிரம் முடிச்சவங்க தலையிலயே அடுத்தவங்க வேலையையும் கட்டாதீங்க, தண்டனையாத்தான் படும், அடுத்த தடவை வேணும்னே மெதுவா செய்வாங்க.