மருந்து வேதியியல்: வெளிநாட்டு ஆண்டுக்குக் கிளம்பும் முன்

மருந்து வேதியியல் படிப்பில் ஓராண்டை வெளிநாட்டில் கழிக்க வாய்ப்பு இருந்தால், நாட்டைப் பார்க்கும் முன் பாடப்பட்டியலைப் பாருங்கள். கரிம வேதியியலும் மருந்தியலும் அங்கே விட்டுப்போனால் இறுதியாண்டு திணறடிக்கும். மதிப்பெண் எப்படி மாற்றப்படும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஐரோப்பாவில் முழு ஆண்டுக்கு 60 ஈசிடிஎஸ் (அங்கே பாடச்சுமையை அளக்கும் பொதுமுறை) புள்ளிகள்.

சரி, வகுப்புக்குப் பதில் மருந்து நிறுவன ஆய்வகம் என்றால்? எந்த மூலக்கூறின் அமைப்பை அறிக்கையில் காட்டலாம் என்று மேற்பார்வையாளரிடம் முதல் வாரமே கேளுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு சேர்மம் வெளியே தெரிந்தால், அந்தக் காப்புரிமையே கைநழுவலாம். அதனால் நிறுவனம் அறிக்கையைப் படித்துப் பார்த்த பிறகே வெளியே விடும். அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்எம்ஆர் நிறமாலையைப் படிக்கும் பயிற்சியை இங்கேயே முடித்துவிடுங்கள்.