கம்யூனிட்டி காலேஜில் இங்கிலீஷ் படிக்கப் போகிறீர்களா? முதல் செமஸ்டருக்கு ஒரு வழித்துணை

பி.காம். முடித்து, கல்யாணமாகி, எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) கலிபோர்னியா வந்து, பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, 34 வயதில் இங்கிலீஷ் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் 18 வயதுப் பையன். இன்னொரு பக்கம் ராணுவத்திலிருந்து திரும்பியவர். முன்வரிசையில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்த ஒரு அம்மா, கையில் காபி. கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் மக்களுக்கான இரண்டு வருஷ அரசுக் கல்லூரி) வகுப்பு என்றாலே இப்படித்தான் கலந்துகட்டி இருக்கும்.

"இலக்கணமே தகராறு, இதில் இலக்கியம் வேறயா?" என்று தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த கலிபோர்னியாவை வைத்தே சொல்கிறேன். வேறு மாநிலங்களில் கட்டணமும் பாடப் பெயர்களும் வேறாக இருக்கும். கட்டுரை எழுதுவது பற்றிச் சொல்லியிருப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

படி 1: எந்த வகுப்பு என்று முடிவு செய்யுங்கள்

கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. நுழைவுத்தேர்வு, கட்-ஆஃப் எதுவும் கிடையாது. பள்ளி முடித்திருந்தாலோ 18 வயது ஆகியிருந்தாலோ போதும். சிசிசி அப்ளை என்ற தளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம்.

இங்கிலீஷ் வகுப்புகளில் இரண்டு வகை உண்டு. பேசவும் படிக்கவும் கற்றுத்தருவது இ.எஸ்.எல். அதிலேயே கிரெடிட் இல்லாத, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேராத வகுப்புகளுக்குக் கட்டணமே இல்லை. கல்லூரி மட்டத்தில் கட்டுரை எழுதக் கற்றுத்தருவது இன்னொன்று. அதன் முதல் பாடத்தைப் பல கல்லூரிகளில் காலங்காலமாக 'இங்கிலீஷ் 1ஏ' என்றே சொல்வார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு எண் இருந்ததால், மாநிலம் முழுக்க ஒரே எண் வேண்டும் என்று சட்டம் போட்டு, 2025 இலையுதிர் செமஸ்டர் முதல் அதை 'இங்கிலீஷ் சி1000' ஆக்கியிருக்கிறார்கள். பழைய மாணவர்கள் இன்னும் 1ஏ என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

முன்பெல்லாம் சேரும்போதே ஒரு தேர்வு வைத்து, பாதிப்பேரை அடிப்படை வகுப்புகளுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போனவர்களில் நிறையப் பேர் மேலே வரவே இல்லை. 2017இல் ஏபி 705 என்ற சட்டம் வந்த பிறகு பள்ளி மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். நம்மைப் போல வெளிநாட்டில் படித்தவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, எந்த வகுப்பு சரிப்படும் என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இங்கேதான் நம் ஆட்கள் கூச்சப்பட்டு ஒரு படி கீழே இறங்கிவிடுகிறார்கள். இங்கிலீஷ் நாளிதழில் ஒரு நீளமான கட்டுரையைப் படித்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடிந்தால் நேராக சி1000-இல் சேருங்கள். பயமாக இருந்தால், அதனோடு சேர்த்து நடத்தும் துணை வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நான் அப்படித்தான் சேர்ந்தேன்.

படி 2: பணக்கணக்கு

பாடத்தின் அளவை இங்கே யூனிட் கணக்கில் சொல்வார்கள். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். நான்கு யூனிட் பாடம் என்றால் 184 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள் கொஞ்சம். மாநிலவாசி அல்லாதவர்களுக்கு இது பல மடங்கு கூடும். எனவே வகுப்பு தொடங்கும் முன் ஒரு வருஷம் ஒரு நாள் இங்கே குடியிருந்ததற்கான காகிதங்களை எடுத்து வையுங்கள். எச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கவும் செய்யலாம், மாநிலவாசி என்று நிரூபிக்கவும் செய்யலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள் மாநிலவாசி என்று நிரூபிக்க முடியாது. வருமானம் குறைவு என்றால் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் கேட்டுப் பாருங்கள், யூனிட் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும்.

புத்தகச் செலவுக்கும் ஒரு வழி உண்டு. வகுப்புப் பட்டியலில் சில பிரிவுகளின் பக்கத்தில் புத்தகச் செலவு இல்லை என்பதற்கான ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

கூப்பர்டினோ பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்குள்ள டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் செமஸ்டர் முறையில் நடப்பவை அல்ல, குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள். யூனிட் கட்டணம் 31 டாலர்தான், ஆனால் பாடம் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி ஓடும். ஒரு வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விட்டால் பிடிப்பது கஷ்டம்.

படி 3: நேரத்தை ஒதுக்குங்கள்

ஒரு யூனிட்டுக்கு வகுப்பும் வீட்டுவேலையும் சேர்த்து செமஸ்டருக்குக் குறைந்தது 48 மணி நேரம் என்பது கணக்கு. நான்கு யூனிட்டுக்கு 192 மணி நேரம். வீட்டில் எல்லோரிடமும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். "சும்மா ஒரு கிளாஸ்தானே" என்ற பேச்சு அப்புறம் வராது.

முதல் பாடத்தை ஆன்லைனில் எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. எழுத்து வகுப்பில் பாதிப் பாடம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் வரும்.

முதல் நாள் வகுப்புக்கு எப்படியாவது போய்விடுங்கள். வராதவர்கள் பெயரை எடுத்துவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களைச் சேர்த்துவிடுவார்கள்.

படி 4: சிலபஸை ஒப்பந்தம் மாதிரி படியுங்கள்

நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடத் தலைப்புகளின் பட்டியல். இங்கே அது ஆசிரியருக்கும் நமக்குமான ஒப்பந்தம். தாமதமாகக் கொடுத்தால் எத்தனை மதிப்பெண் போகும், திருத்தி எழுதிக் கொடுக்க அனுமதி உண்டா, ஏஐ கருவிகளைத் தொடலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கும். அபராதமில்லாமல் விலகும் கடைசித் தேதி, 'டபிள்யூ' (பாதியில் விலகியவர்) என்று பதிவாகி விலகும் கடைசித் தேதி இரண்டையும் கல்லூரி நாட்காட்டியில் பார்த்துக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

படி 5: கட்டுரை

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். சி1000-இல் செமஸ்டர் முழுக்கச் சேர்த்து 5000 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டியிருக்கும். ஒரு கதையைப் பற்றிய என் முதல் கட்டுரையை இலக்கணப் பிழை இல்லாமல், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று அழகாகக் கட்டிக் கொடுத்தேன். ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்: கதையைச் சுருக்கிச் சொல்லியிருக்கிறாய், நீ என்ன சொல்கிறாய்?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் 12 வருஷம் 'மழைநீர் சேமிப்பு', 'நூலகத்தின் பயன்' என்று எழுதிய கை. யாருமே மறுக்க மாட்டாத விஷயத்தை நல்ல தமிழில் எழுதினால் முழு மதிப்பெண். இங்கே யாராவது மறுக்கக்கூடிய ஒன்றைச் சொல்லி, அதை நிரூபிக்க வேண்டும். நமக்குக் கஷ்டம் இலக்கணத்தில் இல்லை, இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டி ஒருத்தி, பிள்ளைகள் வீட்டை விற்ற பிறகும் அதன் சாவியை இடுப்பில் செருகியே வைத்திருக்கிறாள். யாரிடமும் காட்டுவதில்லை.

முதலில் கதையை இரண்டு தடவை படியுங்கள். இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு, உறுத்துகிற இடங்களில் கோடு போடுங்கள். எனக்கு உறுத்துவது 'யாரிடமும் காட்டுவதில்லை' என்ற இடம்.

அடுத்து அந்த உறுத்தலைக் கேள்வியாக்குங்கள். நினைவுக்காக வைத்திருந்தால் பேரப்பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டிக் கதை சொல்லியிருப்பாளே, ஏன் மறைக்கிறாள்?

அந்தக் கேள்விக்கு நீங்கள் தரும் பதில்தான் தீசிஸ். 'இந்தக் கதை முதுமையைப் பற்றியது' என்று எழுதினால் அது தீசிஸ் ஆகாது, யார் மறுக்கப் போகிறார்கள்? 'மறைத்து வைத்த சாவியின் மூலம், வீட்டை விற்க அவள் மனத்தளவில் சம்மதிக்கவே இல்லை என்பதைக் கதை காட்டுகிறது' என்று எழுதினால் பக்கத்து நாற்காலிப் பையன், "இல்லையே, வெறும் மறதியாக இருக்கலாமே" என்பான். அவன் அப்படிச் சொன்னால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிறகு ஒவ்வொரு பத்தியிலும் ஒரு சின்ன வாதம், அதற்குக் கதையிலிருந்து ஒரு வரி, அந்த வரியை வைத்து இரண்டு மூன்று வரி விளக்கம். புதிதாக வருபவர்கள் மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். விளக்கத்துக்குத்தான் மதிப்பெண். கதாசிரியர் 'செருகி' என்று ஏன் எழுதினார், 'வைத்து' என்று ஏன் எழுதவில்லை? இந்தக் கேள்வியை நாம் முதல்முறையாகக் கேட்கவில்லை. குறளில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று பரிமேலழகர் விடாமல் துருவியது இதே வேலைதான். தமிழ் வகுப்பில் உரைகளை ரசித்துப் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி சீக்கிரம் கைவரும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மூன்றாவது கட்டுரையில்தான் பிடிபட்டது.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். இலக்கணத்தை அதற்கும் கடைசியில் பாருங்கள். வாய்விட்டுப் படித்தால் பாதிப் பிழை காதிலேயே மாட்டும். நமக்கு வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் 'ஏ', 'தி' என்ற ஆர்ட்டிகிள்கள், அப்புறம் கதையை நிகழ்காலத்தில் பேசுவது. பாட்டி சாவியை வைத்திருந்தாள் என்று எழுதக் கூடாது, வைத்திருக்கிறாள் என்றுதான் எழுத வேண்டும். இலக்கியக் கட்டுரையில் அப்படி ஒரு மரபு.

படி 6: எம்.எல்.ஏ.

நம் தொகுதி எம்.எல்.ஏ. இல்லை. மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த மேற்கோள் முறை. மேற்கோளுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும், கடைசிப் பக்கத்தில் நூல்களின் பட்டியல், வரிகளுக்கு இடையே இரட்டை இடைவெளி, நான்கு பக்கமும் ஒரு அங்குலம் வெள்ளை. 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பைப் பின்பற்றுங்கள். மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, பார்த்துப் போட்டால் போதும்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நோட்ஸை வரி மாறாமல் எழுதினால் நம் பள்ளியில் பாராட்டு கிடைக்கும். இங்கே அதற்குத் திருட்டு என்று பெயர். ஒரு இணையதளத்திலிருந்து மூன்று வரிகளை மேற்கோள்குறி போடாமல் வரைவில் சேர்த்துவிட்டு, ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோது என்ன தப்பு என்றே புரியாமல் நின்றேன். வரைவு என்பதால் விட்டுவிட்டார். இறுதிப் பிரதியாக இருந்திருந்தால் பூஜ்யம். எதையாவது படித்துக் குறிப்பெடுக்கும்போதே, எங்கிருந்து என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

படி 7: உதவி கேட்க வெட்கப்படாதீர்கள்

ரைட்டிங் சென்டர் என்ற அறையில் உட்கார்ந்து உங்கள் வரைவை உங்களோடு சேர்ந்து படிப்பார்கள், காசு கிடையாது. திருத்தித் தர மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் போனால் பயனில்லை, நான்கு நாள் முன்னால் போங்கள். ஆசிரியரின் ஆபீஸ் நேரமும் அப்படித்தான். தப்பு செய்தவர்கள் போகும் ஸ்டாஃப் ரூம் என்று நினைத்துக்கொண்டு நான் பாதி செமஸ்டர் போகவே இல்லை.

படி 8: அடுத்து

சி1000-இல் 'சி' கிரேடாவது வாங்கிவிட்டால் அடுத்தது வாதங்களை அலசும் சி1001. அதற்குப் பின் இலக்கியக் கதவுகள் திறக்கும்: பிரிட்டிஷ் இலக்கிய வரலாறு, அமெரிக்க இலக்கிய வரலாறு, உலக இலக்கியம், கதை கவிதை எழுதும் வகுப்புகள். பட்டம் வேண்டும் என்றால் இங்கிலீஷில் ஏஏ-டி என்ற 60 யூனிட் இரண்டு வருஷப் பட்டம் இருக்கிறது. அதை முடித்தால் கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்களில் ஏதோ ஒன்றில் இடம் உறுதி, நீங்கள் நினைத்த வளாகம்தான் என்று உறுதி இல்லை. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்த்துக்கொண்டே எடுங்கள், பிறகு கவுன்சலரிடமும் ஒரு தடவை கேளுங்கள்.

பட்டம் வேண்டாம், ஆசைக்குப் படிக்கிறேன் என்பவர்கள் கதை எழுதும் வகுப்புக்குப் போங்கள். நான் போன வகுப்பில் ஒரு விதி இருந்தது: உங்கள் கதையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது. என் கதையில் அம்மிக்கல் வந்தது. அது என்ன என்று தெரியாமல் பதினைந்து பேர் இருபது நிமிஷம் விவாதித்தார்கள், ஒருவர் கல்லறைக் கல் என்றே முடிவு கட்டிவிட்டார். நான் நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வரைவில் அம்மிக்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை, அதில் மிளகாய் அரைக்கும் சத்தத்தை மட்டும் சேர்த்தேன்.